பராமரிப்பு பிறப்பால் வரும் வேலையன்று: இல்லப் பராமரிப்புப் பணியாளரின் பயிற்சியும் கூலியும் குறித்துச் சட்டம் சொல்வதும் சொல்லாததும்

தொரப்பள்ளிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஒரு பெண் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர் ஒருவரை அவர் ஏழு மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அங்கே அனுப்பியது பெங்களூருவில் இயங்கும் ஓர் ஏஜென்சி. அந்தக் குடும்பம் ஏஜென்சிக்கு மாதம் 23,000 ரூபாய் கொடுத்தது. அவர் கைக்கு வந்தது 15,000. விடுப்பே கிடையாது. இரவில் நோயாளியின் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுக்க வேண்டும். எந்தெந்த நாளில் எத்தனை முறை எழுந்தார் என்பதையெல்லாம் அந்த நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தார்.

முதியவருக்கு உடம்பு துடைத்துவிடுவதும், மலம் அள்ளுவதும், மூக்கில் போட்ட குழாய் வழியே கஞ்சி ஊற்றுவதும் அவருடைய வேலை. குழாயில் ஊற்றுவது எப்படி என்பதை, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு செவிலியர் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தாராம். வேறு எந்தப் பயிற்சியும் அவருக்குக் கிடைக்கவில்லை. நோயாளியின் வாய்வரை போகும் அந்தக் கைக்கு அந்த வீட்டில் தனித் தம்ளர் ஒதுக்கப்பட்டிருந்தது. பூசையறைப் பக்கம் போகக்கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது என்றார். அவர் என்னிடம் முதலில் கேட்டது கூலியைப் பற்றியன்று. "வக்கீலம்மா, நான் ஊத்துனப்ப பொரையேறி அவரு செத்துப்போயிருந்தா, கேசு யாரு மேல?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் பயிற்சி, கூலி, சாதி, பொறுப்பு ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. நடைமுறையில் இருக்கும் சட்டங்களைக் கொண்டு இதற்கு எவ்வளவு தூரம் விடை சொல்ல முடியும், எந்த இடத்தில் சட்டம் நின்றுவிடுகிறது, செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் எதைக் கோர வேண்டும் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

யார் இந்தப் பணியாளர்?

பேச்சுவழக்கில் இவர்களை 'ஹோம் நர்ஸ்', 'ஆயா', 'அட்டெண்டர்' என்கிறார்கள். சட்டத்தில் இவர்களுக்கென்று தனிப்பெயர் எதுவும் நிலைபெறவில்லை. செவிலியர் என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் உண்டு. 1926-ஆம் ஆண்டின் செவிலியர், மருத்துவச்சியர் சட்டமும் 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும் பதிவு பெற்றவர்களையே செவிலியராக ஏற்கின்றன. 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவ, உடல்நலத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் இவர்களுக்கு இடம் தரவில்லை. துணைமருத்துவப் பணியாளர் எனப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணிநேரப் படிப்பு வேண்டும் என அது வரையறுக்கிறது. ஆகவே இவர்கள் மருத்துவத் துறையின் கணக்கில் வருவதில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர் என்ற பெரிய குடையின் கீழ், தொழிலாளர் துறையின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

இந்த இடைவெளி ஏஜென்சிக்கு வசதியாக இருக்கிறது. குடும்பத்திடம் பணம் கேட்கும்போது 'பயிற்சி பெற்ற ஹோம் நர்ஸ்' என்கிறது. பணியாளருக்குக் கொடுக்கும்போது 'வீட்டுவேலைக்காரி' என்கிறது. ஒரே ஆள் இரண்டு பெயரில் இரண்டு விலைக்குப் போகிறார்.

தேவையோ வளர்ந்துகொண்டே போகிறது. 2021-இல் தமிழகத்தின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 13.6 விழுக்காடு என்பது அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கே. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கணினி நிறுவனத்துக்கும் போய்விடும் ஓசூர், பெங்களூரு போன்ற நகரங்களில், முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கூலிக்கு வருபவரின் தலையில் விழுகிறது. சிப்காட் ஆலைகள் இளம்பெண்களையே விரும்பி எடுப்பதால், வயது கடந்த, பள்ளிப்படிப்பு முடிக்காத தலித் பெண்களுக்கு அந்த ஆலைகளைவிட நோயாளியின் படுக்கையறையே எளிதாகத் திறக்கிறது.

தொரப்பள்ளியிலிருந்து ஒரு பழைய பாடம்

வருவாய் ஆவணங்களில் தொரப்பள்ளி அக்ரகாரம் என்று வழங்கும் இந்த ஊர் இராஜாஜி பிறந்த ஊர். 1878 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம். சென்னை மாநில முதலமைச்சராக அவர் 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் செலவிட வேண்டும். திராவிட இயக்கத்தார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துப் போராடினர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அதைக் கைவிட்டார்.

திட்டம் போய்விட்டது, ஆனால் அதன் அடிப்படை எண்ணம் முற்றாகப் போய்விடவில்லை. சில வேலைகளுக்குப் பயிற்சி வேண்டாம், சிலருக்கு அது பிறப்பிலேயே வரும் என்ற நம்பிக்கை பராமரிப்பு வேலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெண் என்பதால் பார்த்துக்கொள்ளத் தெரியும். இன்ன சாதி என்பதால் மலம் அள்ளக் கூசமாட்டாள். இந்த இரண்டு அனுமானங்களும் சேர்ந்துதான் பயிற்சிச் செலவைச் சுழியமாக்குகின்றன. கூலியையும் கீழே இறக்குகின்றன. சமையலுக்கு ஒரு சாதியையும் கழிவு துடைக்க இன்னொரு சாதியையும் கேட்கும் குடும்பங்களும், அப்படியே பிரித்து அனுப்பும் ஏஜென்சிகளும் இந்த எல்லைப்பகுதியில் உண்டு என்பதை இவ்வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார்.

இப்படிப் பிரிப்பது அரசமைப்புக்கு முரணானது என்பதை உச்ச நீதிமன்றம் வேறொரு களத்தில் சொல்லியிருக்கிறது. சிறைகளில் சமையலை ஒரு சாதியினருக்கும் துப்புரவை இன்னொரு சாதியினருக்கும் ஒதுக்கிய விதிகளை, சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று அது செல்லாதவை என்று அறிவித்தது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் உறுப்பும் கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் உறுப்பும் அத்தீர்ப்பில் ஒன்றாகப் பயன்படுத்தப்பட்டன. இந்த இரண்டு உறுப்புகளும் அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்துபவை. சிறைக்குள் செல்லாத சாதிப் பிரிவினை, ஏஜென்சியின் பதிவேட்டில் எப்படிச் செல்லும்?

கூலி: சட்டம் எங்கே நிற்கிறது?

கர்நாடகம் 2004-இல் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. இந்தியாவில் அதற்கு அதுவே முன்னோடி. தமிழகம் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2007-இல் வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியத்தை அமைத்தது. குறைந்தபட்சக் கூலி 2018-இல் வந்தது. மணிக்கு 37 ரூபாயில் தொடங்கிய அந்த அறிவிக்கை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பணியையும் ஒரு வகையாகக் கணக்கில் எடுத்தது.

மேற்சொன்ன பெண்ணின் நோட்டுக் கணக்கை இதோடு ஒப்பிடலாம். முப்பது நாளும் இரவுபகலாக அவர் அந்த வீட்டில் இருந்தார். மொத்தம் 720 மணிநேரம். 15,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 21 ரூபாய்கூட இல்லை. இரவில் எட்டு மணிநேரம் தடையின்றி உறங்கினார் என்று பொய்யாக வைத்துக்கொண்டாலும், மீதமுள்ள 480 மணிநேரத்துக்கு 31 ரூபாய் சொச்சம்தான். இரண்டு கணக்கிலும் 2018-இன் கீழ்மட்டத் தொகையைக்கூட அவர் தொடவில்லை. மாதக் கூலியாகச் சொல்லும்போது பெரிதாகத் தெரியும் தொகை, மணிக்கூலியாகப் பிரிக்கும்போது உண்மையைக் காட்டிவிடுகிறது. ஆகையால் கோரிக்கை எழுப்புவோர் முதலில் செய்யவேண்டியது இந்த வகுத்தலைத்தான்.

குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது வெறும் ஊதியப் பாக்கி அன்று. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இலும், சஞ்சித் ராய் எதிர் இராஜஸ்தான் அரசு வழக்கில் 1983-இலும், அது 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும்கூடக் கட்டாயமே என்பது அத்தீர்ப்புகளின் சாரம்.

இப்போது சட்டத்தின் அடித்தளம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பு நிற்கிறது. முரண்படாத அளவுக்குப் பழைய அறிவிக்கைகள் தொடரும் என்று அதன் 69-ஆம் பிரிவு சொல்கிறது. புதிய தொகுப்பில் வேலைகளின் அட்டவணை கிடையாது. பணியாளர் அனைவருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆனால் பணியமர்த்துபவர் என்பவர் ஒரு 'நிறுவனத்தில்' ஆள் அமர்த்துபவர் என வரையறுக்கப்பட்டிருப்பதால், வீடு நிறுவனமாகுமா என்ற வாதம் எழும். தொழிலுறவுத் தொகுப்பு 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து வீட்டுச் சேவையை வெளிப்படையாக விலக்கியிருப்பதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும்.

இதற்கு இரண்டு மறுமொழிகள் நம்மிடம் உள்ளன. முதலாவது, ஊதியத் தொகுப்பின் 50-ஆம் பிரிவு. பதிவேடும் ஊதியச் சீட்டும் பேணும் கடமையிலிருந்து, வீட்டுத் தேவைக்காக ஐந்து பேருக்கு மிகாமல் அமர்த்துவோருக்கு அது விலக்கு அளிக்கிறது. கூடவே, ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கான நியாயமான சான்றை அவர்கள் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. தொகுப்பே வீடுகளுக்குப் பொருந்தாது என்றால் இந்த விலக்குக்கும் நிபந்தனைக்கும் தேவையே இராது. ஊதியத் தொகுப்பில் வீடு முற்றாக விலக்கப்படவில்லை என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி. இரண்டாவது, ஏஜென்சி வழியே போகும் பணியாளர் விஷயத்தில் இந்தச் சிக்கலே எழ வேண்டியதில்லை. ஏஜென்சி ஒரு வணிக நிறுவனம். கூலியை நிர்ணயித்து, ஆளை அனுப்பி, பணத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுப்பது அதுவே. ஆகவே வழக்கின் முதல் எதிர்மனுதாரர் ஏஜென்சியாக இருக்க வேண்டும்.

தொகுப்பில் பணியாளருக்கு உதவும் கூறுகளும் உள்ளன. 14-ஆம் பிரிவின்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 45-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை உரிமை கோரலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதமே இருந்தது. பதிவு பெற்ற தொழிற்சங்கமே மனுத்தாக்கல் செய்யலாம். பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. கூலி கொடுத்ததாக மெய்ப்பிக்கும் சுமை 59-ஆம் பிரிவின்படி பணியமர்த்தியவரையே சாரும்.

விழித்திருப்பதும் வேலை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டுவேலைத் தொழிலாளருக்கான 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அதன் 10-ஆம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணிநேரம் ஓய்வு வேண்டும். அழைத்தால் வரவேண்டும் என்று காத்திருக்கும் நேரமும், தன் விருப்பப்படி செலவிட முடியாத அளவுக்கு, உள்நாட்டுச் சட்டம் வகுக்கும் முறையில் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். கட்டிலுக்கு அருகே பாயில் படுத்திருப்பவரின் இரவு இதில் அடங்கும். 15-ஆம் பிரிவோ, தனியார் ஏஜென்சிகளின் கட்டணத்தைத் தொழிலாளரின் ஊதியத்திலிருந்து பிடிக்காதபடி அரசுகள் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. நம் நாட்டில் ஏஜென்சிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய மாநிலங்கள் சிலவே. 2013-இல் சத்தீஸ்கர் அவ்வாறு செய்தது. தமிழகத்தில் அத்தகைய சட்டம் வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் இந்த வெற்றிடத்தைக் கண்டுகொண்டுள்ளது. அஜய் மாலிக் எதிர் உத்தராகண்ட் அரசு வழக்கில் 2025 ஜனவரி 29 அன்று, வீட்டுவேலைத் தொழிலாளருக்கான சட்டக் கட்டமைப்பு குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு அது உத்தரவிட்டது. கர்நாடக அரசும் 2025-இல் வீட்டுவேலைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு குறித்த வரைவு மசோதாவை வெளியிட்டது. இத்தகைய வரைவுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பணியைத் தனி வகையாகச் சேர்க்கச் செய்வது இப்போது நம் கையில் உள்ள வேலை.

பயிற்சி: யாருக்கான தரம்?

பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் 'பொதுப்பணி உதவியாளர்', 'இல்ல நல உதவியாளர்' என்ற பெயர்களில் குறுகியகாலப் படிப்புகள் உள்ளன. தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இச்சான்றிதழ் இல்லாமல் ஆள் அனுப்பக்கூடாது என்று எந்தச் சட்டமும் ஏஜென்சியைத் தடுக்கவில்லை. சான்றிதழ் பெற்றவருக்கு இவ்வளவு கூடுதல் கூலி என்று எந்த அறிவிக்கையும் அப்படிப்பைச் சுட்டிச் சொல்லவில்லை. பயிற்சியும் கூலியும் இரண்டு வெவ்வேறு துறைகளின் கோப்புகளில், ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன.

ஒருமுறை இவை நெருங்கி வந்தன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. இல்லப் பராமரிப்புச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பதிவு செய்யவேண்டும், குறைந்தபட்சத் தரங்களைப் பின்பற்றவேண்டும் என்று அது கூறியது. 17-ஆவது மக்களவை 2024-இல் கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. அந்த மசோதாவின் பார்வையிலும் முதியவரின் பாதுகாப்பு இருந்ததே தவிர, அவரைப் பார்த்துக்கொள்பவரின் கூலி இடம்பெறவில்லை.

அமெரிக்க நடைமுறை ஓர் அளவுகோலைத் தருகிறது. மெடிகேர் திட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனங்களின் இல்ல நல உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சியும், அதில் 16 மணிநேரச் செய்முறையும் கட்டாயம். அது மிகையான அளவன்று. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறை, படுக்கைப்புண் தடுப்பு, குழாய்வழி உணவு, கையுறையும் கைகழுவலும், மூச்சுத்திணறலை அறிதல், தன் முதுகெலும்பைக் காத்துக்கொள்ளுதல் ஆகியவை பத்து நிமிடத்தில் கற்கக்கூடியவை அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சான்றிதழைக் கட்டாயமாக்கி, அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத் தகுதியாக வைத்தால், இருபது ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்துவரும் தலித் பெண்களே முதலில் வெளியேற்றப்படுவர். தரத்தின் பெயரால் அவர்களைத் தள்ளிவிட்டு, அதே வேலையைக் கூடுதல் கூலிக்கு வேறொருவருக்குக் கொடுப்பது சமூகநீதி ஆகாது. ஆகவே அனுபவத்தைத் தேர்வின் வழியே ஏற்றுச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகார முறையைத் தாய்மொழியில், செய்முறையாக நடத்தவேண்டும். ஓசூர் வட்டத்தில் தாய்மொழி என்பது தமிழாகவோ தெலுங்காகவோ கன்னடமாகவோ உருதாகவோ இருக்கலாம். பயிற்சி நாள்களுக்குக் கூலியும் வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து யாரும் இலவசப் பயிற்சிக்கு வர முடியாது.

சாமனப்பள்ளி காட்டிய வழி

பொதுப்பணமும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் இத்திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். அதில் வீடுவீடாகச் செல்பவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள்.

படுத்த படுக்கையாக உள்ள ஏழையின் வீட்டுக்கும் அரசு வரமுடியும் என்பதை இத்திட்டம் காட்டியது. அதே வேளையில், அப்பெண்களைத் 'தன்னார்வலர்' என்றும் அவர்கள் பெறுவதை 'ஊக்கத்தொகை' என்றும் அழைத்ததன் மூலம் குறைந்தபட்சக் கூலி என்ற கேள்வியே எழாமல் செய்துகொண்டது. பெயரை மாற்றினால் உழைப்பின் தன்மை மாறிவிடாது. அங்கன்வாடிப் பணியாளர்கள் பெறும் மதிப்பூதியம் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே என்று மணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பணிக்கொடையைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், அதன் வாதமுறை இங்கும் உதவும்.

நடுத்தரக் குடும்பம் எப்படி இவ்வளவு கூலி கொடுக்கும் என்பது நியாயமான கேள்வியே. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரால் இரவுக்கும் பகலுக்கும் இரண்டு ஆட்களை முழுக்கூலிக்கு வைக்க இயலாது. ஆனால் அந்த இயலாமையின் செலவைக் காலனியில் இருப்பவர் ஏற்கவேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மருத்துவமனையின் செலவை அரசு காப்பீடு ஏற்கிறது. வீடு திரும்பிய பின்னான பராமரிப்பை ஏற்கவில்லை. சாமனப்பள்ளியில் தொடங்கியதை அந்த இடம்வரை நீட்டுவதே இதற்கான விடை.

நான்கு சுவரும் வன்கொடுமைச் சட்டமும்

வீட்டுக்குள் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் என்ன செய்வது? 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) உட்பிரிவுகள், இழிவுபடுத்தல் 'பொதுமக்களின் பார்வையில்' நிகழவேண்டும் என்கின்றன. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020-இல், பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேலையிடமே அடுத்தவரின் படுக்கையறையாக இருப்பவருக்கு இது பெரிய ஓட்டை. தொழிற்சாலையில் திட்டினால் குற்றம். அடுக்குமாடியின் ஆறாவது தளத்தில் கதவை மூடிக்கொண்டு திட்டினால் அந்தக் குற்றம் இல்லை.

ஆனால் சட்டம் இந்த இரண்டு உட்பிரிவுகளோடு முடிந்துவிடவில்லை. கட்டாய உழைப்பைத் தண்டிக்கும் 3(1)(h), பட்டியல் சாதிப் பெண்ணைப் பாலியல் நோக்கோடு தொடுவதைத் தண்டிக்கும் 3(1)(w) ஆகியவற்றுக்குப் பொதுப்பார்வை என்ற நிபந்தனை கிடையாது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவான உழைப்பு கட்டாய உழைப்பே என்ற 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பை 3(1)(h)-உடன் இணைத்து வாதிடுவது வழக்கறிஞர்கள் துணிந்து முயலவேண்டிய பாதை. சாதி தெரியாது என்று சொல்லித் தப்புவதும் எளிதன்று. குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரை நேரில் அறிந்தவர் என்றால், சாதியையும் அறிந்திருந்தார் என்று 8(c) பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும்.

பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் வீடும் பணியிடமே. ஏஜென்சி வழியே வந்தவரும் வீட்டுவேலைத் தொழிலாளரே. மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். முகாந்திரம் இருந்தால் குழு ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அனுப்பவேண்டும்.

எல்லை தாண்டும் வேலை

சூசூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, மாநிலம் மாறிவிடுகிறது. காலனியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பெண்ணின் நலவாரிய அட்டை தமிழகத்தது. அவருடைய கூலிக்குப் பொருந்துவதோ கர்நாடக அறிவிக்கை. வேலை எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத்தின் கூலிவீதமே பொருந்தும் என்பதையும், மனுவை அங்குள்ள அதிகாரியிடமே கொடுக்கவேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

சாதிச்சான்று குறித்து ஓர் ஐயம் எப்போதும் எழும். இடஒதுக்கீட்டுச் சலுகை மாநிலம் விட்டு மாநிலம் தானாகத் தொடராது என்று மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது. எல்லைப்பகுதிக்கு இது மிகவும் தேவையான தீர்ப்பு.

இனமும் சாதியும்: ஓர் ஒப்பீடு

வீட்டுவேலையைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வீட்டுவேலையையும் வயல்வேலையையும் வெளியே விட்டது. அவ்வேலைகளில் பெருமளவில் இருந்தோர் கறுப்பின மக்கள். 1974-இல் வீட்டுவேலை சேர்க்கப்பட்டபோதும், முதியோருக்குத் 'துணையிருத்தல்' என்ற பெயரில் பராமரிப்புப் பணிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எவலின் கோக் என்ற பராமரிப்புப் பணியாளர் மிகைநேரக் கூலி கேட்டு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2007-இல் தோற்றார். தொழிலாளர் துறை 2013-இல் விதியை மாற்றியது. அது 2015-இல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத்தில் தோற்ற ஒரு வழக்கு, இயக்கமாகத் தொடர்ந்ததால் விதியை மாற்றியது. அங்கே 'துணையிருத்தல்', இங்கே 'தன்னார்வம்'. வேலையை வேலை என்று சொல்லாதிருப்பதே இரண்டு நாட்டிலும் கையாளப்பட்ட உத்தி.

கோரவேண்டியவை

ஒன்று: இல்லப் பராமரிப்பைத் தனி வகையாக வரையறுத்து, திறன்பெற்ற பணிக்கான கூலியை மணிக்கணக்கில் தமிழக அரசு அறிவிக்க வேண்டும். ஊதியத் தொகுப்பின் 6-ஆம் பிரிவு, கூலி நிர்ணயத்தில் திறனையும் பணியின் கடினத்தையும் கருத இடமளிக்கிறது. தொற்றும் எடைதூக்கலும் இரவு விழிப்பும் அந்தக் கடினத்தில் சேரவேண்டும்.

இரண்டு: காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் விதியும், வாரம் ஒரு முழுநாள் ஓய்வும் எழுதப்பட வேண்டும்.

மூன்று: குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி, கூலியுடன், தாய்மொழியில், ஏற்கெனவே பணியில் உள்ளோருக்கு முன்கற்றல் அங்கீகாரம். பள்ளிச் சான்றிதழ் தடையாகக் கூடாது.

நான்கு: ஏஜென்சிகள் பதிவு பெறவேண்டும், குடும்பத்திடம் பெறும் தொகையும் பணியாளருக்குத் தரும் தொகையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். சாதி கேட்டு ஆள் அனுப்பினால் பதிவு நீக்கப்பட வேண்டும்.

ஐந்து: பயிற்சி தராத செயலுக்குப் பணியாளரைப் பொறுப்பாக்கக் கூடாது, அப்பொறுப்பு ஏஜென்சிக்கு உரியது என விதி வேண்டும்.

ஆறு: தமிழக, கர்நாடகத் தொழிலாளர் துறைகள் எல்லைப் பணியாளர்களுக்கு ஓசூரில் கூட்டு உதவி மையம் அமைக்க வேண்டும்.

இவை வரும்வரை களத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் நாள், நேரம், எழுந்த இரவுகள், பெற்ற தொகை ஆகியவற்றைக் குறித்து வைக்கட்டும். ஏஜென்சி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கில் விழுந்த தொகை, குடியிருப்பின் வாயிற்பதிவேட்டில் உள்ள நுழைவு ஆகியவை அனைத்தும் சான்றுகள். கல்லூரி மாணவர்கள் இந்தக் கணக்கை எழுதவும், மணிக்கூலியாக வகுத்துக் காட்டவும் உதவலாம். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: புரையேறி உயிர் போயிருந்தால், சட்டத்தின் இன்றைய நிலையில் காவல்துறை முதலில் தேடியிருப்பது உங்களைத்தான். கற்றுத்தராமல் அனுப்பியவரைத் தேட வைப்பதற்குத்தான் இனி நாம் எழுதவும் வாதாடவும் வேண்டும். அவர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "கேசுக்கு வேணும்ல, நீங்களே வச்சிக்கோங்க" என்றார்.